சின்ன வாசலால் நுழைந்தாலும்...



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில் எங்கள் பகுதியில் இரண்டு விதமான வீடுகளைக் காணலாம். ஒரு வீட்டில் வட்டிலப்பம் அவிப்பார்கள். அடுத்த வீட்டில் அடுப்பே எரியாது. இந்த மாதம் அடுப்பு எரியாத ஒரு வீட்டைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

குடியிருப்பு சம்மாந்துறை. வீரமுனைப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல். கணவர் கட்டாரில் சாரதி. மூத்தவன் மகன், இளையவள் மகள். அந்தத் தாய் ஒரு பின்னேரம் மகனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பாயில் இருந்ததும் கண் கலங்கிவிட்டது.

"ராத்தா, மூணு பாடமும் பாஸ். ஆனா வெட்டுப்புள்ளிக்குக் காணாதாம். இவன் என்னெண்டா பௌதிகம்தான் படிப்பேன், ஆராய்ச்சிதான் செய்வேன் எண்டு நிக்கிறான். அமெரிக்காவில இரிக்கிற என்ட தம்பி சொல்றார், அங்க சமுதாயக் கல்லூரி எண்டு ஒண்டு இருக்காம். புள்ளி பார்க்க மாட்டாங்களாம். ரெண்டு வருசம் அங்க படிச்சிட்டு பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறலாமாம். வயலை வித்தா அனுப்பலாம். ஆனா..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் பகுதியில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். அந்த வயல் மகளின் வீடு. பக்கத்தில் பேசாமல் இருந்த அந்தப் பிள்ளைக்கும் அது தெரிந்தே இருந்தது.

பையன் தலையைக் குனிந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமி, சின்ன இடத்தில தொடங்கினவங்க பௌதிகத்தில கலாநிதிப் பட்டம் வரைக்கும் போக ஏலுமா? இல்லாட்டி முதல் வாசல்லயே எல்லாம் முடிஞ்சிட்டா?"

சகோதரிகளே, இந்தக் கேள்வி அந்த ஒரு பிள்ளையின் கேள்வி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஊர்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி. ஆகவே ஆறுதல் வார்த்தையோடு நிறுத்தாமல் விபரமாகவே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்பது என்ன?

அந்த மாமா சொன்னது பொய்யல்ல. அமெரிக்காவில் இரண்டாண்டுக் கல்லூரிகள் ஆயிரம் அளவில் இருக்கின்றன. இல்லினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901 இல் தொடங்கியதுதான் இவற்றில் மூத்தது. பாடசாலை முடித்த எவரும் சேரலாம். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார், பாதியில் படிப்பை விட்டவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருடப் பாடங்களை அங்கே முடித்து, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறிச் செல்வது அங்குள்ள நடைமுறை.

அப்படிச் சென்றவர்கள் பெரிய இடத்துக்கு வந்திருக்கிறார்களா? வந்திருக்கிறார்கள். புரூஸ் மெரிஃபீல்ட் என்ற இரசாயனவியலாளர் கலிபோர்னியாவின் பாசடீனா இளநிலைக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, பிறகு லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். 1984 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் பெண்பிள்ளைகள் அறிய வேண்டிய இன்னொருவர் ஐலீன் கொலின்ஸ். நியூயோர்க் மாநிலத்தின் கோர்னிங் சமுதாயக் கல்லூரியில் கணிதமும் விஞ்ஞானமும் படித்து 1976 இல் வெளியேறியவர். அங்கிருந்து சிரகியூஸ் பல்கலைக்கழகம், பிறகு விமானப்படை. 1995 இல் விண்ணோடத்தைச் செலுத்திய முதல் பெண் விமானி அவர். 1999 ஜூலையில் ஒரு விண்ணோடப் பயணத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணும் அவரே. அந்தப் பயணத்தில் அவர் விண்ணுக்குக் கொண்டுபோன பொருள் என்ன தெரியுமா? சந்திரா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தமிழரின் பெயர் தாங்கிய கருவியைச் சமுதாயக் கல்லூரியில் தொடங்கிய ஒரு பெண் மேலே ஏற்றிவைத்தார்!

எங்கள் நாட்டிலும் அப்படித்தான்

அமெரிக்கா வரைக்கும் போவானேன்? எங்கள் நாட்டின் உயர்கல்வியே சின்ன வாசலில் தொடங்கியதுதான். 1921 இல் கொழும்பில் ஆரம்பமான இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. பிள்ளைகள் இங்கே படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையை எழுதினார்கள். 1942 இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

பட்டம் கொடுக்க இயலாத அந்தக் கல்லூரியில் படித்தவர்தான் பின்னாளில் நீண்ட காலம் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த மயில்வாகனம். அங்கிருந்து கேம்பிரிட்ஜ் சென்று, நோபல் பரிசு பெற்ற டிராக் என்ற மேதையிடம் ஆராய்ச்சி செய்தவர்தான் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். "பட்டமே கொடுக்காத கல்லூரியா?" என்று அன்று யாராவது இவர்களை ஏளனம் செய்திருந்தால், அந்த ஏளனம் எங்கே போயிற்று?

காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெருமவின் பாதை இன்னும் வளைந்தது. அவர் முதலில் பெற்றது மெய்யியல் பட்டம், 1948 இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில். விஞ்ஞானப் பட்டம் பெற்றது 1959 இல். அதுவும் பகலில் வேலை செய்பவர்களுக்கு மாலையில் வகுப்பு நடத்தும் லண்டன் பேர்க்பெக் கல்லூரியில். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். மூன்று ஆண்டில், 1962 இல், கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். பிறகு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் சந்திர மண்ணையும் விண்கல்லையும் ஆராய்ந்தார். நாடு திரும்பிக் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் பணிப்பாளராகவும் இருந்தார்.

ஆகவே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முதல் பதில்: முதல் வாசலில் எதுவும் முடிந்துவிடுவதில்லை.

ஆனால் சகோதரிகளே, இந்தப் பதிலோடு நான் நிறுத்தினால் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். ஏனென்றால் சின்ன வாசல் எல்லாமே உள்ளே போகும் வாசல் அல்ல. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் தங்கச்சியின் வீட்டில் கண்டேன்.

என் தங்கச்சி மகனின் கதை

அவனும் இதே போலத்தான். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைவு. நகரத்தில் ஒரு தனியார் நிறுவனம், பெயர் வேண்டாம், பளபளப்பான கையேடு கொடுத்தது. இரண்டு வருட டிப்ளோமா. அது முடிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடம் என்றார்கள். தங்கச்சி கைக்காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். பிள்ளையும் குறை சொல்ல முடியாதபடி படித்தான்.

இரண்டு வருடம் முடிந்து வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டபோது வந்த பதில் ஒரே வரி: இந்தப் பாடங்களை எங்கள் பௌதிகவியல் பட்டத்துக்குக் கணக்கில் எடுக்க முடியாது, முதலாம் வருடத்திலிருந்து தொடங்கவும். டிப்ளோமாவில் கணினி இருந்தது, முகாமைத்துவம் இருந்தது. பௌதிகவியலுக்கு வேண்டிய கணிதம் இருக்கவில்லை. ஆய்வுகூடமே இருக்கவில்லை.

அன்று இரவு அவன் என்னிடம் சொன்னான்: "பெரியும்மா, நான் படிக்கல்ல எண்டு சொன்னா பரவாயில்ல. நான் படிச்சேனே!"

அந்தச் சொல் இன்றும் என் காதில் நிற்கிறது. ஆகவேதான் இந்தத் தாய் வயலை விற்கும் பேச்சை எடுத்ததும் நான் அவசரப்பட்டு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வாங்க, வீரமுனைக்குப் போவோம்" என்றேன்.

வீரமுனை மாஸ்டர்

வீரமுனையில் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 1990 ஆகஸ்டில் அந்த ஊர் பட்ட துயரம் என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டில் கிழக்கில் எங்கள் சமூகத்திலும் எத்தனையோ வீடுகளில் ஜனாஸா. அதன்பின் நெடுங்காலம் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கத் தயங்கினோம். இன்று அந்த மாஸ்டரின் திண்ணையில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். இதைச் சொல்லாமல் அவர் வீட்டுப் படியேற எனக்கு மனம் வரவில்லை.

தேத்தண்ணி வந்தது. மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையனிடம், "தம்பி, உனக்குப் பௌதிகம் விருப்பமா, பௌதிகம் படித்தவன் என்ற பேர் விருப்பமா?" என்றார். பையன் விழித்தான். மாஸ்டர் உள்ளே போய் ஒரு நூல் பந்தைக் கொண்டு வந்தார்.

"ஒரு மீற்றர் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடு. இருபது தரம் ஆடி முடிய எத்தனை செக்கன் என்று பார். பத்து முறை செய். அதில இருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடிச்சு அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டு வா. புத்தகத்தில இருக்கிற விடை எனக்குத் தேவையில்ல. உனக்கு வாற விடைதான் தேவை."

பிறகு அந்தத் தாயிடம் திரும்பினார். "தங்கச்சி, ஏணியில ஏறுறவன் ஒண்டை மறக்கப்படாது. ஒரு படி நல்ல படியா எண்டு அந்தப் படியை விக்கிறவனிட்ட கேட்கப்படாது. அதுக்கு மேல்படியில நிக்கிறவனிட்டக் கேட்க வேணும். அமெரிக்கக் கல்லூரி எண்டாலும் சரி, அம்பாறைக் கல்லூரி எண்டாலும் சரி, 'இங்க படிச்சதை அங்க ஏற்பீங்களா?' எண்டு அங்க எழுதிக் கேட்டு, பதிலைக் கையில வைச்சுக்கொண்டு காசைக் கட்டுங்க."

சகோதரிகளே, இந்த ஒரு வார்த்தை என் தங்கச்சிக்கு அன்று கிடைத்திருந்தால் அவளுடைய கைக்காப்பு கையிலேயே இருந்திருக்கும்.

மேல்படியில் நிற்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

பௌதிகவியலில் பட்டமேற்படிப்புக்கு ஆள் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது கணிதம். நுண்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், அட்சரகணிதம் இவையெல்லாம் சங்கிலி போன்றவை. ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்ததைப் பிடிக்க முடியாது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடத்தில் நுண்கணிதத்தையும் அதனோடு சேர்ந்த பௌதிகவியலையும் முழுமையாக முடிக்காமல் மாறிச் சென்ற பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் மேலும் ஓரிரு வருடம் இழுபடுவது வழக்கம். மின்காந்தவியல், வெப்பவியக்கவியல், குவாண்டம் பொறிமுறை போன்ற கனமான பாடங்கள் கடைசி இரண்டு வருடத்தில்தான் வரும். அங்கே பெறும் புள்ளிதான் பின்னால் அதிகம் பேசும்.

இரண்டாவது, ஆய்வுகூடமும் ஆராய்ச்சி அனுபவமும். ஒரு சிறிய ஆய்வையாவது தன் கையால் தொடங்கி முடித்த பிள்ளையா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கும். "நல்ல பிள்ளை, ஒழுங்காக வருவார்" என்று எழுதினால் அதற்குப் பெறுமதி இல்லை. இந்தப் பிள்ளை இன்ன கேள்வியை இப்படி யோசித்தான் என்று எழுதுமளவுக்கு அவனை அறிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். சிறிய கல்லூரியின் நன்மை இங்கேதான் இருக்கிறது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரியும்.

பணக் கணக்கு

இனி அந்தத் தாயின் வயலுக்கு வருவோம். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி மலிவு என்பது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு. வெளிநாட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் பல மடங்கு. கட்டணம், வாடகை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு இருபதாயிரம் டொலருக்குக் குறையாது. அந்தப் பணம் இருப்பதாகக் காட்டினால்தான் மாணவர் விசாவும் கிடைக்கும். இரண்டு வருடத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் அதைவிடக் கூடுதல். இரண்டு ஏக்கர் வயல் முதல் வருடத்தோடு கரைந்துவிடும்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. முதற்பட்டத்துக்குப் பணம் கேட்கும் அதே அமெரிக்கா, பௌதிகவியல் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் பணம் தருகிறது! அங்கே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கப்படும் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. கீழ் வகுப்புகளுக்கு ஆய்வுகூடம் நடத்திக் கொடுப்பதற்கும், ஆராய்ச்சியில் உதவுவதற்கும் மாதாந்தப் படியும் உண்டு. ஊர்ப் பிள்ளையா வெளியூர்ப் பிள்ளையா என்று அங்கே பேதம் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் புத்தி எங்கே? பணம் கேட்கும் படிகளை வீட்டுக்குப் பக்கத்தில் ஏறி, பணம் தரும் படிக்கு வெளியே போவதில் அல்லவா?

வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வாசல்கள்

முதல் வாசல், மறுபடியும் பரீட்சை. உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றலாம். அம்பாறை, பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ள மாவட்டம். இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஒரு முறை தவறியவர் அடுத்த முறை உள்ளே போன கதைகள் எங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

அப்படி உள்ளே போனால் தூரம்கூட இல்லை. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் ஒலுவிலில் இருந்தாலும், அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருப்பது சம்மாந்துறையில்தான். வீரமுனை வயலில் வேலை செய்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நாட்டின் எந்த மூலையிலிருந்தோ பிள்ளைகள் இங்கே பௌதிகவியல் படிக்க வருகிறார்கள். எங்கள் பிள்ளையோ வயலை விற்று அமெரிக்கா போகப் பார்க்கிறான்!

இரண்டாவது வாசல், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980 இல் தொடங்கியது. விஞ்ஞானமானிப் பட்டத்தில் பௌதிகவியல் உண்டு. வெட்டுப்புள்ளி கேட்பதில்லை. கட்டணம் உண்டு, ஆனால் எடுக்கும் பாடத்துக்கு ஏற்பக் கட்டலாம், வேலை செய்துகொண்டும் படிக்கலாம். ஆய்வுகூடப் பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டும். எந்த நிலையத்தில், எத்தனை நாள் என்பதைச் சேரும் முன்பே கேட்டு வையுங்கள். மூன்று வருடப் பட்டம் எடுத்தவர், பேராதனையிலுள்ள பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் போன்ற ஓரிடத்தில் முதுமாணி செய்து, அந்தப் படியிலிருந்து வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் கிடைத்தால் நேரடியாகவே கேட்கலாம்.

மூன்றாவதாகப் பலர் காட்டும் வாசல், உயர் தேசிய டிப்ளோமா. அம்பாறையில் ஹாடி நிறுவனம் இருக்கிறது, சம்மாந்துறையிலும் உயர் தொழினுட்ப நிறுவனம் இருக்கிறது. தொழில் வேண்டும் என்பவருக்கு இவை நல்ல இடங்கள். ஆனால் அங்கே தயாராவது தொழிலுக்கு. பௌதிகவியல் ஆராய்ச்சிக்கு அல்ல. இரண்டும் நல்ல பாதைதான், போகும் ஊர் வேறு. கல்முனைக்குப் போக வேண்டியவர் அம்பாறை பஸ்ஸில் ஏறிவிட்டு, பஸ் நல்ல பஸ் என்று சொல்லி என்ன பயன்?

இந்த வாசல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சாவி உண்டு. அது ஆங்கிலம். பட்டப் படிப்பு ஆங்கிலத்தில்தான். பெறுபேறு வந்து அடுத்த வாசல் திறக்கும் வரை கிடைக்கும் மாதங்களை எங்கள் பிள்ளைகள் தொலைபேசியோடு கழிக்கிறார்கள். அந்த மாதங்களில் ஒரு ஆங்கிலப் பௌதிகவியல் நூலை அகராதியோடு வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வாசித்தால் முதல் வருடத்தின் பாதிப் பயம் போய்விடும்.

"பௌதிகம் படிச்சா என்ன ராத்தா தொழில்?" என்று அந்தத் தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பாடசாலைகளில் பௌதிகவியல் ஆசிரியருக்கு என்றும் தட்டுப்பாடு. வளிமண்டலவியல் திணைக்களம் இருக்கிறது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் இடத்தில் அளவு கணிப்பது மருத்துவப் பௌதிகவியலாளரின் வேலை. பேராசிரியராக வந்தால்தான் பிழைப்பு என்றில்லை. கலாநிதிப் பட்டம் வரை போகத் தொடங்கிய எல்லோரும் போய்ச் சேர்வதும் இல்லை. ஆனால் ஒழுங்கான படிகளில் ஏறியவன் எந்தப் படியில் நின்றாலும் நிற்க இடம் இருக்கும். என் தங்கச்சி மகன் அதற்குச் சாட்சி. இருபத்திரண்டு வயதில் திறந்த பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து தொடங்கினான். இன்று பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கிறான். முதுமாணிக்கும் விண்ணப்பித்திருக்கிறான். இரண்டு வருடம் பிந்தியது உண்மை. பிந்தினாலும் பாதையில் இருக்கிறான்.

அடுத்த வெள்ளிக்கிழமை

சொன்ன நாளில் பையன் கொப்பியோடு வந்தான். முகம் வாடியிருந்தது. "சேர், பத்துத் தரம் செஞ்சேன். இருபது ஆட்டத்துக்கு 40.6 செக்கன் அளவில வருது. கணக்குப் பார்த்தா 9.6 தான் வருது. புத்தகத்தில 9.8 எண்டு இரிக்கி."

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இருந்தார். பையன் கொப்பியையே பார்த்தான், தொங்கும் கல்லைப் பார்த்தான். திடீரென்று எழும்பினான்.

"சேர்! நான் நூலைத்தான் அளந்தேன். கல்லின் நடு வரைக்கும் அளக்கல்ல!"

கல்லின் நடு இரண்டு சென்றிமீற்றர் கீழே இருந்தது. திருத்திக் கணக்குப் பார்த்தான். 9.78 வந்தது. மாஸ்டர் அப்போதுதான் சிரித்தார். "இது உனக்குப் பரீட்சையில புள்ளி தராது தம்பி. ஆனா பிழை எங்க எண்டு தானாத் தேடுறவனுக்குத்தான் பௌதிகம். நீ வா, இணைந்த கணிதத்தில இருந்து தொடங்குவம்."

பையன் இரண்டாம் முறை பரீட்சை எழுதுகிறான். புள்ளி கிடைத்தால் பக்கத்துப் பீடம். கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம். இரண்டில் எது என்றாலும் மேல்படியில் கேட்டு எழுதி வைத்த பதில் ஒரு கடித உறையில் இருக்கிறது. வயல் விற்கப்படவில்லை. இந்தப் போகத்துக்கும் நெல் விதைத்திருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்தக் கல் ஆடியபோது மணிக்கூட்டைப் பிடித்துச் செக்கன் எண்ணியது யார் என்று கேட்டேன். "தங்கச்சிதான் மாமி" என்றான் பையன். பத்தாம் வகுப்பில் படிக்கும் அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றது. நான் கூப்பிட்டதும் முன்னால் வந்து மெல்லக் கேட்டது: "மாமி, கல்லை இன்னும் பாரமா எடுத்தா நேரம் மாறுமா?"

உம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வயல் மகளின் வீட்டுக்காகத்தான் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு வாசல் வேண்டியிருக்கும் போலத் தெரிகிறது. உங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று செக்கன் எண்ணும் பிள்ளை யார், சகோதரிகளே? இன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.